மரத்திலிருந்து விழுந்தவரை உடனே தூக்கலாமா?

வ. புதுப்பட்டி, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ள ஊர். சுற்றிலும் தென்னந்தோப்புகள். தென்னை ஏறுவது பலருக்குப் பிழைப்பு.

மரத்திலிருந்து தவறி விழுந்தால், சிலருக்குக் காலில் ஒரு கீறல்கூட இராது. ஆனால், கால் அசையாது! காரணம் என்ன? அடிபட்டது காலில் அல்ல, முதுகுத்தண்டில்.

31 ஜோடி நரம்புகள்

முதுகெலும்புக்குள்ளே, மூளையிலிருந்து இறங்கி வருகிறது தண்டுவடம். சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிகின்றன. கழுத்தில் 8 ஜோடி. மார்புப் பகுதியில் 12. இடுப்பிலும் அதற்குக் கீழும் 11. "கையைத் தூக்கு", "காலை நீட்டு" என்று மூளை இடும் கட்டளை, இவற்றின் வழியாகத்தான் தசைகளுக்குப் போகிறது.

ஒவ்வொன்றுக்கும் முக்கியமாக ஒரு வேலை உண்டு. கழுத்தின் 5-வது நரம்பு முழங்கையை மடக்கும். 7-வது நரம்பு அதை நீட்டும். 8-வது விரல்களை மடக்கும். இடுப்பின் 3-வது நரம்பு முழங்காலை நீட்டும். 5-வது நரம்பு கால் பெருவிரலை நிமிர்த்தும்.

"பெருவிரலைத் தூக்குங்கள்" என்று டாக்டர் சொல்வது இதற்காகத்தான். எந்த அசைவு வரவில்லை என்று பார்த்து, அடிபட்ட இடத்தைக் கண்டுகொள்கிறார்.

வாய்க்கால் போல

கண்மாய் வாய்க்காலைத் தலைமடையில் அடைத்தால் எல்லா வயலும் காயும். கடைமடையில் அடைத்தால் கடைசி வயல்தான் காயும். தண்டுவடமும் அப்படியே. கழுத்தில் பலமாக அடிபட்டால் கை, கால் இரண்டும் போகலாம். மார்புக்குக் கீழே அடிபட்டால் கால்கள் போகும்; கைகள் தப்பும்.

வென்ற இருவர்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர் மேரி வர்கீசுக்கு, 1954-ல் நடந்த சாலை விபத்தில் கால்கள் செயலிழந்தன. கைகள் தப்பின. சக்கர நாற்காலியில் அமர்ந்தே, தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார்! வேலூரில் உள்ள மறுவாழ்வு நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதே மலையடிவாரத்தில், தெற்கே தென்காசி அருகே உள்ளது ஆய்க்குடி. அவ்வூர் எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது கீழே விழுந்தார். அடிபட்டது கழுத்தில். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1981-ல் மாற்றுத் திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் 'பத்மஸ்ரீ' விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது.

என்ன செய்ய வேண்டும்?

விழுந்தவரைக் கை, காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். எழுப்பி உட்கார வைத்து சோடா கொடுக்காதீர்கள். உடைந்த எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை நசுக்கலாம். தப்பிய நரம்பும் போய்விடும்.

தலையும் கழுத்தும் அசையாதபடி ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும். நகர்த்தியே தீரவேண்டும் என்றால், நாலைந்து பேர் சேர்ந்து, உடம்பு வளையாமல் ஒரே சமயத்தில் திருப்பி, பலகையில் கிடத்துங்கள்.

உதவ வந்த கைகளே அவருடைய கால்களைப் பறித்துவிடக் கூடாது!