உஷார்! ஊருக்குக் கட்டிடம் வருகுதாம்

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஊரார்களே, சங்கத் தலைவர்களே, பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களே, கையொப்பம் வைக்க முன்னர் கொஞ்சம் நில்லுங்கள்!

"நம்மட ஊருக்கு ஹோல் ஒண்டு வந்திரிக்கி காக்கா. நீங்க காணிய மட்டும் காட்டுங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறன்." ஒக்டோபர், நவம்பர் பிறந்தால் இப்படிச் சொல்லிக்கொண்டு வாசலுக்கு ஆள் வரும். அரசாங்கம் ஒதுக்கிய அபிவிருத்திக் காசு டிசம்பர் 31க்குள் செலவாகாவிட்டால் திறைசேரிக்கே திரும்பிப் போய்விடும். அந்த அவசரம்தான் அவரை ஓட வைக்கிறது. நம் கரையில் அதுவே மாரி காலம். மணல் தரையில் மூன்றடி வெட்டினாலே தண்ணீர் ஊறுகிற நேரத்தில், அந்தத் தண்ணீரை இறைத்து முடிக்காமலே கொங்கிரீட் கொட்டுகிறார்கள். ஏனென்று கேட்டால் "பில் போடணும்" என்பதுதான் பதில்.

அவசரம் ஒருபக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய பயம் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக சவூதி அரசாங்கம் கொடுத்த நன்கொடையில் அங்கே 500 வீடுகள் கட்டினார்கள். கூடவே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை, பள்ளிவாசல். காசுக்குக் குறைவில்லை, கட்டிடத்துக்கும் குறைவில்லை. யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி நீதிமன்றம் போனது. இனவிகிதாசாரப்படி பகிர வேண்டுமென்று 2009இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வீடுகள் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்து, சுவரைச் சுற்றிப் பற்றை வளர்ந்தது. காணி யாருடையது, பயனாளி யார், யார் பாரமெடுப்பது என்பதெல்லாம் கல் வைக்க முன்னரே எழுத்தில் தீர்ந்திருக்க வேண்டிய விடயங்கள். வீட்டுத் திட்டத்துக்கே இந்தக் கதி என்றால், உங்கள் ஒழுங்கையில் வரப்போகிற சனசமூக நிலையத்துக்காக எவர் வழக்காடப் போகிறார்?

காணி விடயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நெருக்கியடித்து இருக்கிற ஊர்களில் வெறுங்காணி ஏது? கடைசியில் கை பள்ளிவாசல் காணியில்தான் விழும். அது வக்பு சொத்து. 1956ஆம் ஆண்டு வக்பு சட்டம் இருக்க, நம்பிக்கையாளர் சபை நினைத்தபடி எழுதிக்கொடுக்க முடியாது. வக்பு சபையின் அனுமதி வேண்டும். "பிறகு எடுக்கலாம்" என்று எவராவது சொன்னால் அங்கேயே எழும்பி வந்துவிடுங்கள்.

வருவது மானியமா கடனா என்பதையும் வாய்திறந்து கேளுங்கள். சந்தைக் கட்டிடம், கடைத்தொகுதி போன்றவற்றுக்கு மாநகர சபையோ பிரதேச சபையோ உள்ளூர் கடன் மற்றும் அபிவிருத்தி நிதியத்தில் கடன் வாங்கலாம். 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் வந்த பழைய நிதியம் அது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் வட்டியோடு தவணை கட்டுவது சபை, சபைக்குக் காசு வருவது உங்கள் சோலைவரியிலும் கடை வாடகையிலும். கடை வாடகைக்குப் போகாவிட்டாலும் தவணை நிற்காது.

கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கே வேலையைக் கொடுத்தால் இன்னும் கவனம். பெயருக்குச் சங்கம், வேலை செய்வது வெளியாள் ஒப்பந்தகாரர் என்று நடக்கிறது. கணக்காய்வில் கேள்வி வந்தால் பதில் சொல்வது காசோலையில் ஒப்பமிட்ட தலைவரும் பொருளாளரும்தான். ஒப்பந்தகாரரின் போன் அப்போது வேலை செய்யாது! வெற்றுக் காசோலையில் மட்டும் ஒப்பமிடாதீர்கள், கேட்கிறவர் சொந்த மச்சானாக இருந்தாலும். கடல் மண் கலந்து கட்டுகிறார்களா என்றும் பாருங்கள். உப்பு உள்ளே கம்பியைத் தின்ன, சில வருடத்தில் சீலிங் கொட்டும்.

"பத்து வீதம் முன்னுக்குத் தாங்க, பைலை நகர்த்துறன்" என்று கேட்டால் அது இலஞ்சம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954. ஒதுக்கீடு உண்மையா என்ற சந்தேகம் இருந்தால் பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பியுங்கள். ஒதுக்கீட்டுக் கடிதம், மதிப்பீடு, ஒப்பந்தம் மூன்றின் பிரதியையும் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்லியாக வேண்டும். அந்த மூன்று பிரதியும் கைக்கு வரும்வரை காணி உறுதியை எவரிடமும் கொடுக்க வேண்டாம்.