நின்றுபோன ஜீப்பை எழுப்பும் முறை

வில்லிஸ் எம்.பி. ஜீப், அதே வரைபடப்படி ஃபோர்டு செய்த ஜி.பி.டபிள்யூ. ஆகிய இரண்டும் சேர்ந்து 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேல் தயாராயின. வில்லிஸின் டொலிடோ ஆலையில் சுமார் 3.6 லட்சம், ஃபோர்டு ஆலைகளில் சுமார் 2.8 லட்சம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் உபரி என்று விற்கப்பட்டவை பண்ணைகளுக்கும் மரக்கடைகளுக்கும் போய், வேலை முடிந்ததும் கொட்டகைகளில் ஒதுங்கின. முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து அங்கிருந்து வெளியே வரும் ஜீப்புகளில், ஓடித் தேய்ந்ததைவிட நின்று கெட்டதே அதிகம். துரு, உலர்ந்த ரப்பர், பிசினாகிப்போன பெட்ரோல், எலி ஆகிய நான்கும்தான் எதிரிகள். இவற்றைப் பார்க்காமல் பேட்டரியை மாட்டி ஸ்டார்ட்டரை மிதிப்பவர், அதுவரை கெடாமல் இருந்த பாகங்களையும் சில நொடிகளில் கெடுத்துவிடுவார்.

எஞ்சினின் அமைப்பு

ஜீப்பின் ‘கோ டெவில்’ எஞ்சின் நான்கு சிலிண்டர் கொண்டது. கொள்ளளவு 2,199 சி.சி. நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 60 குதிரைத் திறன் தரும். வால்வுகள் ஹெட்டில் இல்லை. பிளாக்கிலேயே, சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. அதனால் ஹெட் என்பது ஏறக்குறைய ஒரு மூடிதான். அதைக் கழற்றினால் பிஸ்டன் தலைகளும் வால்வுகளும் கண்ணுக்குத் தெரியும். அழுத்த விகிதம் 6.48 மட்டுமே. தரம் குறைந்த பெட்ரோலிலும் ஓடவேண்டும், போர்க்களத்தில் சாதாரணக் கருவிகளால் பிரித்துப் பூட்டவேண்டும் என்று செய்த எஞ்சின் இது. நீண்ட காலம் நின்ற பிறகும் பெரும்பாலும் மீட்க முடிவதற்கு இந்த எளிமையே காரணம்.

சுற்றுகிறதா என்று பார்த்தல்

முதல் வேலை பார்வையிடல். ஏர் கிளீனர், சைலன்சர் குழாய், சீட்டுக்கு அடியில் என எங்கும் எலிக்கூடு இருக்கலாம். அதை எடுக்காமல் எஞ்சினைச் சுற்றினால் பஞ்சும் கொட்டையும் கார்புரேட்டருக்குள் போகும். ஏர் கிளீனர் எண்ணெய்த் தொட்டி வகையைச் சேர்ந்தது. அடியில் கெட்டியான பழைய எண்ணெயைச் சுரண்டிக் கழுவவேண்டும்.

அடுத்து நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிடவேண்டும். சில நாள் போதும் என்றாலும் சில எஞ்சின்கள் சில வாரம் கேட்கும். அதன் பிறகு முன்பக்கம் ஹேண்டிலைச் செருகி, மெல்ல அசைக்கவேண்டும். இம்மி அசைந்தாலும் பாதி வேலை முடிந்தது. அசையாவிட்டால் நீளமான கம்பியால் நெம்புவதோ, இன்னொரு வண்டியில் கட்டி இழுப்பதோ கூடாது. ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையும். அந்நிலையில் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டர் சுவரில் துரு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நேரில் பார்ப்பதே சரி.

எஞ்சின் சுற்றத் தொடங்கினாலும் வால்வு சிக்கியிருக்கலாம். பிளாக்கின் பக்கவாட்டு மூடியைத் திறந்துவைத்து ஹேண்டிலைச் சுற்றும்போது, மேலே போன வால்வு ஸ்பிரிங்கோடு கீழே இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். இறங்காத வால்வின் தண்டில் எண்ணெய் விட்டு மெதுவாக அழுத்தி இறக்கலாம். நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் ஏறக்குறைய சமமாக வந்தால் எஞ்சினுக்கு உயிர் இருக்கிறது என்று பொருள்.

ஆயில்

பழைய ஆயிலை வடித்தால் மட்டும் போதாது. சம்பின் அடியில் களிம்பு போல வண்டல் படிந்திருக்கும். சில வண்டிகளில் அதற்கும் கீழே தண்ணீர் நிற்கும். இந்த எஞ்சினில் ஆயிலை உறிஞ்சும் வாய் எண்ணெய்ப் பரப்பில் மிதக்கும்படி அமைந்தது. வண்டலில் அது சிக்கிக்கொண்டால் புதிய ஆயில் ஊற்றியும் பேரிங்குக்குப் போகாது. எனவே சம்பைக் கழற்றி வழித்துக் கழுவி, உறிஞ்சுவாய் தடையின்றி ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே பூட்டவேண்டும். பிறகு பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சுற்றவிட்டால், சுமையின்றிச் சுழலும் எஞ்சினில் ஆயில் அழுத்த முள் எழுவதைக் காணலாம்.

நெருப்பு

மின்சாரம் 6 வோல்ட். நெகட்டிவ் முனை பாடியோடு சேரும். 12 வோல்ட் வண்டியைவிட இதில் இருமடங்கு மின்னோட்டம் தேவை. அதனால் பேட்டரி கேபிள் தடிமனாக இருக்கவேண்டும். பூமி இணைப்பு இடங்களைப் பளபளக்கத் தேய்க்கவேண்டும். ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றினால் மோட்டாரைக் குறைசொல்லும் முன் கேபிளைப் பார்ப்பது நல்லது. துணி சுற்றிய பழைய வயர்கள் தொட்டாலே உதிரும். அவற்றுக்கு ஒட்டுப்போடாமல் முழுதாக மாற்றுவதே பாதுகாப்பு.

டிஸ்ட்ரிபியூட்டரின் பாயின்ட்டில் வெறும் காற்றே படலம் படியச் செய்திருக்கும். மெல்லிய அரத்தால் தேய்த்து, இடைவெளியை 0.020 அங்குலத்துக்கு வைக்கவேண்டும். பிளக் இடைவெளி 0.030 அங்குலம். கண்டன்சர் வயதாலேயே கெடும் பாகம். அதைப் புதிதாகப் போடுவது வழக்கம். பிளக் வயர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் மாட்டப்படவேண்டும்.

பெட்ரோல்

சுமார் 57 லிட்டர் பிடிக்கும் டேங்க் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில், பாடியிலேயே அமைந்த ஒரு குழியில் உட்கார்ந்திருக்கிறது. அக்குழியில் சேறும் தண்ணீரும் தேங்குவதால் டேங்க் வெளியிலிருந்தும் துருப்பிடிக்கும். உள்ளே பழைய பெட்ரோல் மட்கிய வார்னிஷ் வாடையோடு பிசினாகியிருக்கும். ஓட்டை விழுந்த டேங்கைக் கழுவிய உடனே வெல்டிங் வைக்கக் கூடாது. மடிப்புகளில் தங்கும் ஆவி வெடிக்கும்.

கார்ட்டர் கார்புரேட்டரை முழுவதும் பிரித்து, ஜெட் துளைகளைக் கம்பியால் குத்தாமல் காற்றடித்துச் சுத்தம் செய்யவேண்டும். பம்பின் டயாஃப்ரம், ஹோஸ் ஆகியவற்றுக்கு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைத் தாங்கும் ரப்பரே பொருந்தும். முதல் முயற்சிக்கு வண்டியின் டேங்கைப் பயன்படுத்தாமல், சிறிய தனிக் கலனில் புதிய பெட்ரோல் வைத்துக் குழாய் இழுப்பது மெக்கானிக்குகளின் நடைமுறை.

முதல் ஓட்டம்

ரேடியேட்டரில் சுமார் 10 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஹோஸ், ஃபேன் பெல்ட் இரண்டையும் மாற்றிய பின் நிரப்பி, ஒழுகல் பார்க்கவேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். ஹேண்டிலால் ஸ்டார்ட் செய்பவர் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலாக இழுக்கவேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கட்டைவிரல் தப்பும்.

எஞ்சின் பிடித்ததும் பார்க்கவேண்டியது ஆயில் முள். அரை நிமிடத்துக்குள் அது எழாவிட்டால் உடனே நிறுத்தவேண்டும். ஊறவிட்ட எண்ணெய் எரிவதால் தொடக்கத்தில் நீலப்புகை வரும். சிறிது நேரத்தில் அடங்கிவிடும். அடங்காத வெண்புகை, ஹெட் காஸ்கெட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் கசிவதன் அடையாளம்.

பிரேக்கும் சக்கரமும்

எஞ்சின் ஓடியது என்பதற்காக வண்டியைக் கிளப்பக் கூடாது. நான்கு சக்கர பிரேக்குக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, ஆயில் சுற்றும் ஒன்று. ஒரு இடத்தில் ஒழுகினாலும் நான்கும் போய்விடும். கைபிரேக்கோ டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் தண்டைப் பிடிப்பது; நிறுத்திவைக்க உதவும், ஓடும் வண்டியை நிறுத்த அதை நம்பக் கூடாது. எனவே மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்களின் ரப்பர்கள், ஹோஸ்கள் எல்லாம் புதிதாகப் போட்டு ஏர் எடுக்கவேண்டும். அக்கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. டிரம்மில் உள்ள தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும்.

பல ஜீப்புகளில் இருப்பது இரண்டு பாதிகளை நட்டால் சேர்த்த ‘காம்பாட்’ ரிம். டயரில் காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைக் கழற்றினால் ரிம்மின் பாதி குண்டுபோல் பறக்கும். வால்வின் பின்னை எடுத்து, காற்று முழுவதும் போனதை உறுதி செய்த பிறகே ஸ்பேனர் வைக்கவேண்டும். கியர் பாக்ஸில் பித்தளை, வெண்கலப் பாகங்கள் இருப்பதால் அவற்றை அரிக்காத, ஜி.எல்.4 தரமுள்ள 90 எண் எண்ணெயே உகந்தது.

உதிரி பாகத்துக்கு இந்தியாவில் ஒரு வசதி உண்டு. மஹிந்திரா நெடுங்காலம் செய்த சி.ஜே.3பி ஜீப்பின் ‘ஹரிக்கேன்’ எஞ்சின், கோ டெவிலின் வழிவந்தது. இரண்டுக்கும் சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓடும் நீளமும் ஒன்றே. மேல்பாகம் வேறுபட்டாலும் அடிப்பாகத்தின் சில பாகங்களைப் பழைய ஜீப் கடைகளில் தேட வழியிருக்கிறது.

பிரேக் பிடித்த பின் முதல் பயணம் மூடிய வளாகத்துக்குள், முதல் கியரில், சில நூறு மீட்டர் போதும். திரும்பி வந்து நிறுத்தி, டிரம், ரேடியேட்டர், எஞ்சின் அடி ஆகிய மூன்றையும் தொட்டும் குனிந்தும் பார்த்து, எங்கும் சூடோ ஒழுகலோ இல்லையென்றால் ஜீப் சாலைக்குத் தயார்.