மாதச் சந்தாவா, சொந்தச் சேமிப்பா? உங்கள் பாட்டு யார் கையில் இருக்கிறது?

காலையில் சமையலறையில் ஒரு பாட்டு, பஸ்ஸில் ஒரு பாட்டு, தூக்கம் வராத ராத்திரியில் ஒரு பாட்டு... இன்றைக்கு எல்லாமே போன் ஆப்பில்தான். மாதாமாதம் கொஞ்சம் பணம் கட்டினால் போதும், விளம்பரத் தொல்லை இல்லாமல் கோடிக்கணக்கான பாடல்கள். 'இதுக்கு மேல என்ன வேணும்?' என்றுதான் தோன்றும். ஆனால் அதில் ஒரு பாட்டாவது உங்களுக்குச் சொந்தமா என்று கேட்டால், இல்லை. நீங்கள் கட்டுவது வாடகை.

காலி செய்யச் சொன்னால்?

ஸ்பாட்டிஃபை 2019-ல் இந்தியாவுக்கு வந்தது. உரிமத் தகராறில் அதே ஆண்டே சரிகம நிறுவனத்தின் பாடல்கள் அதிலிருந்து காணாமல் போயின. பழைய எச்.எம்.வி. ரெக்கார்டுகளின் உரிமை சரிகமவிடம்தான் இருக்கிறது. அப்படியென்றால், நம் வீட்டுப் பெரியவர்கள் விரும்பிக் கேட்கும் பாடல்கள் எத்தனை போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2020-ல் ஒப்பந்தம் ஆன பிறகுதான் அவை திரும்பி வந்தன.

சில சமயம் கடையையே மூடிவிடுவார்கள். கூகுள் ப்ளே மியூசிக் 2020-ல் நின்றது. 2024 ஜனவரியில் ரெஸ்ஸோ இந்தியாவை விட்டுப் போனது. அதே ஆண்டு ஏர்டெல் தன் விங்க் ஆப்பை மூடுவதாக அறிவித்தது.

'நான்தான் டவுன்லோடு பண்ணி வெச்சிருக்கேனே!' என்கிறீர்களா? அந்த ஃபைல் ஆப்புக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. வெளியே எடுத்து கார் பென்டிரைவில் போட முடியாது. ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒரு முறையாவது நெட்டுடன் இணையாவிட்டால் டவுன்லோடு செய்தவையும் பாடாது. சந்தாவை நிறுத்தினால் அதுவும் போச்சு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மாதம் 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 1,200. பத்து வருடத்தில் 12,000 ரூபாய். பதினோராவது வருடம் கட்டாவிட்டால் கையில் மிச்சம் ஒன்றுமில்லை.

அதற்காக சந்தா வீண் என்று சொல்ல முடியாது. வாரம் முப்பது புதுப்பாட்டு கேட்கிறவர் ஒவ்வொன்றையும் விலை கொடுத்து வாங்க முடியுமா? புதிதாகத் தேடிக் கேட்பதற்கு ஆப்பைப் போல வசதி வேறில்லை. வீட்டில் நாலு பேர் கேட்டால், ஃபேமிலி பிளானில் தலைக்கு ஆகும் செலவும் குறையும்.

ஆனால் நம்மில் பலர் திரும்பத் திரும்பக் கேட்பது நூறு, இருநூறு பாடல்களைத்தான். அவற்றுக்கு ஆயுள் முழுக்க வாடகை கட்ட வேண்டியதில்லை.

சொந்தமாக்குவது எப்படி?

முதலில் பரணில் இருக்கும் சிடிக்களை இறக்குங்கள். யுஎஸ்பி சிடி டிரைவ் ஒன்றை லேப்டாப்பில் செருகினால், விண்டோஸ் மீடியா பிளேயரிலேயே பாடல்களை ஃபைலாக மாற்றலாம். சிடி இல்லாத பாடல்களுக்கு ஐடியூன்ஸ் ஸ்டோர் இருக்கிறது. தனி இசைக்கலைஞர்களின் ஆல்பங்கள் என்றால் பேண்ட்கேம்ப். இரண்டிலும் வாங்குவது பூட்டு இல்லாத ஃபைல். இலவசமாகத் தரும் திருட்டு சைட்டுகள் பக்கம் மட்டும் போகாதீர்கள். வைரஸ் வரும், கலைஞருக்கு ஒரு பைசாவும் போகாது.

இடம் அடைக்குமே என்ற கவலை வேண்டாம். நல்ல தரத்தில், அதாவது 320 கேபிபிஎஸ் எம்பி3-யில், ஐந்து நிமிடப் பாட்டுக்கு சுமார் 12 எம்பி ஆகும். ஆயிரம் பாட்டு சேர்ந்தாலும் 12 ஜிபிதான். சிடியின் தரம் கொஞ்சமும் குறையக் கூடாது என்பவர்கள் ஃப்ளாக் ஃபார்மட்டில் வைக்கலாம். அதற்கு இரண்டு, மூன்று மடங்கு இடம் ஆகும்.

சொந்த வீடு என்றால் பராமரிப்பும் நம் தலையில்தான். ஹார்டு டிஸ்க் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் படுத்துவிடும். அதனால் மூன்று பிரதி வையுங்கள். லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, மூன்றாவது வீட்டுக்கு வெளியே, உறவினர் வீட்டிலோ கிளவுடிலோ. பாட்டின் பெயர், படம், பாடியவர் விவரங்களை ஒழுங்காக எழுதி வைப்பதற்கும் சில ஞாயிற்றுக்கிழமைகள் செலவாகும்.

எந்த ஆப்பிலும் கிடைக்காதவை

சினிமாப் பாட்டு இன்று போனால் நாளை வேறு ஆப்பில் கிடைக்கலாம். ஆனால் அப்பா டேப் ரெக்கார்டரில் பதிந்த கோயில் கச்சேரி? ஆத்தா பாடிய தாலாட்டு? ஊர்த் திருவிழாவுக்காகப் போட்ட அம்மன் பாட்டு கேசட்? அவற்றை எந்த நிறுவனமும் உங்களுக்காக வைத்திருக்கவில்லை. கேசட் நாடாவோ வருடத்துக்கு வருடம் மங்கிக்கொண்டே வருகிறது.

ஓடுகிற டேப் ரெக்கார்டர் ஒன்று, அதன் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் ஆடியோ இன்புட்டுக்கு ஒரு ஆக்ஸ் கேபிள், ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேர். இவ்வளவு போதும். அந்தத் துளை இல்லாத லேப்டாப் என்றால் சின்ன யுஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கேசட் ஓடி முடிய எவ்வளவு நேரமோ, பதிவாகவும் அவ்வளவு நேரம் ஆகும்.

ஆகவே சந்தாவை நிறுத்த வேண்டாம். புதுசு கேட்க அது இருக்கட்டும். இழக்கவே முடியாத நூறு பாடல்களுக்கு மட்டும் ஒரு பட்டியல் போடுங்கள். மாதம் பத்து என்று சேர்த்தால்கூட ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும். வேலையை எதில் தொடங்குவது என்று கேட்டால், சிடியைவிட கேசட்டுக்குத்தான் அவசரம். முதலில் அந்தக் கேசட்டைத் தேடி எடுங்கள்.