ஏலத்தில் விற்கும் பாஸ்டல் ஓவியம்: வரைந்தவருக்கு என்ன கிடைக்கும்?

காரைக்கால் பாரதியார் சாலையில் டீ குடித்துக்கொண்டே லண்டன் ஓவிய ஏலத்தை மொபைலில் லைவாகப் பார்க்கலாம். முன்பதிவு செய்திருந்தால் விலையும் கேட்கலாம். திரையில் பவுலா ரேகோவின் பாஸ்டல் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ரேகோ போர்ச்சுகலில் பிறந்து பிரிட்டனில் வாழ்ந்தவர். 1994-ல் 'நாய்ப் பெண்' ஓவியங்களில் தொடங்கி, அவர் கை அதிகம் தேடியது பாஸ்டலைத்தான். கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கும் வாக்கெடுப்பு 1998-ல் போர்ச்சுகலில் தோற்றபோது, கோபத்தில் ஒரு தொடரையே பாஸ்டலில் வரைந்தார். 2007-ல் மறு வாக்கெடுப்பு வந்தபோது அந்த ஓவியங்களும் பேசப்பட்டன. 2022-ல் காலமானார்.

பாஸ்டல் என்பது நிறத்தூளில் துளி பசை சேர்த்து உருட்டிய குச்சி. வரைந்த பிறகும் கிட்டத்தட்ட கோலமாவு மாதிரிதான், விரல் பட்டாலே கலையும். அதனால் கண்ணாடி போட்டே மாட்டுவார்கள். (காரைக்கால் மாதிரி கடலோர ஈரக்காற்றில் பூஞ்சை வேற பிடிக்கும்!)

சரி, சுத்தியல் 1 லட்சம் பவுண்டில் விழுந்தால் பணம் யாருக்குப் போகும்? பெரும்பகுதி விற்பவருக்கு. வாங்குபவர் அதற்கு மேல் ஏல நிறுவனத்துக்குத் தனியாகக் கமிஷன் கட்ட வேண்டும். பெரிய நிறுவனங்களில் அது கால் பங்கைக்கூடத் தாண்டும். மூன்றாவதாக ஒரு பங்கு உண்டு. அதுதான் ஓவியர் குடும்பத்துக்கு. பிரிட்டன் சட்டப்படி முதல் 50,000 பவுண்டுக்கு 4%, அடுத்து 2 லட்சம் வரை 3% என்று விகிதம் குறைந்துகொண்டே போகும். நம் கணக்கில் 3,500 பவுண்ட். எவ்வளவு பெரிய விலைக்குப் போனாலும் உச்சவரம்பு 12,500 பவுண்ட்தான். ஓவியர் இறந்து 70 ஆண்டுகள் வரை இது தொடரும்.

இந்த யோசனை பிரான்ஸில் பிறந்தது. மிய்யே சுமார் 1,000 பிராங்குக்கு விற்ற 'ஆஞ்சலஸ்' ஓவியம், 1889 ஏலத்தில் 5,53,000 பிராங்குக்குப் போனது. அவர் குடும்பத்துக்கு அதில் ஒரு பைசா கிடையாது. இப்படிப்பட்ட கதைகள் கிளப்பிய கோபத்தில்தான் 1920-ல் சட்டம் வந்தது. அப்போது காரைக்காலும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான். நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது 1954 நவம்பர் 1-ல்.

இந்தியாவில் இப்படி ஒரு உரிமை இருக்கிறதா? இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பதிப்புரிமைச் சட்டம் 53ஏ பிரிவு: மறுவிற்பனை விலை 10,000 ரூபாயைத் தாண்டினால் ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு உண்டு. பேனாவும் பாஸ்டலும் கலந்து வரையும் ஜோகன் சவுத்ரி (1968 முதல் 1972 வரை சென்னையில் கைத்தறித் துறையில் டிசைனராக இருந்தவர்) போன்றவர்களின் படங்கள் ஏலத்துக்கு வரும்போது இந்தப் பிரிவு பேச வேண்டும். ஆனால் பேசுவதில்லை.

சிக்கல் எழுத்திலேயே இருக்கிறது. சட்டம் விகிதத்தைச் சொல்லவில்லை, 10%-ஐத் தாண்டக் கூடாது என்று மட்டும் சொல்கிறது. தகராறு வந்தால் முடிவு செய்யும் அமைப்பு 2021-ல் கலைக்கப்பட்டு, பொறுப்பு வணிக நீதிமன்றத்துக்கு மாறியது. பிரிட்டனில் 'டாக்ஸ்' போன்ற அமைப்புகள் பங்கை வசூலித்துக் கொடுத்துவிடுகின்றன. இங்கே ஓவியரே வக்கீல் வைத்து அலைய வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்கு யார் அலைவார்கள்?

படத்தை விற்கும் இளம் ஓவியர்கள் இரண்டு விஷயம் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். பதிப்புரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் 53ஏ பங்கு போகாது. முதல் விற்பனை பில்லும் படத்தின் போட்டோவும் கையில் இருந்தால், நாளை ஏலப் பட்டியலில் வருவது தன் படம்தான் என்று காட்டலாம்.