மணலில் கிடக்கும் விண்மீன் சாம்பல்

பெரியாற்றங்கரையில் உள்ள ஏலூர் அருமண் ஆலை 1952இல் தொடங்கியது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணல் இங்கே வந்தது, அதற்குள் தோரியம்.

சூரியன் போன்ற அடுப்பில் தோரியம் வேகாது. நியூட்ரான்கள் வெள்ளமாய்ப் பாய, அணுக்கரு அவற்றை நொடிகளில் விழுங்கிக் கனக்க வேண்டும். நியூட்ரான் விண்மீன்கள் மோதும்போது இது நடக்கிறது.

அசுர காந்தம் கொண்ட நியூட்ரான் விண்மீனான மாக்னெட்டாரும் இப்போது சந்தேகப் பட்டியலில். 2004 டிசம்பர் 27, நம் கரையில் சுனாமி அடித்த மறுநாள், தனுசு மண்டல மாக்னெட்டார் ஒன்று சீறியது. அதன் காமாக் கதிரில் கன தனிமங்கள் பிறந்த தடயம் தெரிவதாக 2025இல் ஓர் ஆய்வு சொன்னது.

பிறந்த சூட்டோடு சுழலும் மாக்னெட்டார் உயர் ஆற்றல் நியூட்ரினோக்களையும் வீசும் என்பது கணிப்பு. அவற்றைப் பிடிக்கத் தென்துருவப் பனிக்குள் ஐஸ்கியூப் கருவி காத்திருக்கிறது.

தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டு. பூமி உருவானபோது இருந்ததில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் மிச்சம்.