செவிலியர் கல்வியில் அடிப்படை விஞ்ஞானம்

இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்பு 1946-ஆம் ஆண்டில் தில்லியிலும் வேலூரிலும் தொடங்கப்பெற்றது. இன்றைய பாடத்திட்டத்தின்படி, மாணவர் முதலாண்டில் உடற்கூற்றியலையும் உடலியலையும் செவிலியப் பணியின் அடிப்படைகளோடு சேர்த்தே பயில்கின்றனர். ஊசி போடவும் நாடி பார்க்கவும் கற்பவருக்கு இப்பாடங்கள் எதற்கு என வினவுவோர் உளர்.

பிட்டத்தின் கீழ்ப்புறத்து உட்பகுதியில் ஊசி செலுத்துதல் கூடாது. காலுக்குச் செல்லும் பெருநரம்பு அவ்வழியே ஓடுகிறது; அது ஊறுபட்டால் கால் செயலிழக்கக்கூடும். கைக்குழந்தைகளுக்குப் பிட்டத் தசை போதிய வளர்ச்சி பெறாமையால், தொடையின் முன்வெளிப்புறமே தேர்ந்துகொள்ளப்படுகிறது. உடற்கூற்றியல் அறிந்தவர் இவ்விதிகளை மறப்பதில்லை.

உடலியலின் பயனும் இத்தகையதே. ஓய்விலிருக்கும் வயதுவந்தோர் பொதுவாக நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை சுவாசிக்கின்றனர். திசுக்களுக்குப் போதிய பிராணவாயு கிட்டாதபோது இரத்தத்தில் அமிலம் மிகுகிறது. உடல் இதனை உணர்ந்து, மூச்சை விரைவுபடுத்திக் கரியமில வாயுவை மிகுதியாக வெளியேற்றுகிறது. ஆகவே, இரத்த அழுத்தம் வீழ்வதற்கு முன்னரே மூச்சின் எண்ணிக்கை உயர்ந்து அபாயத்தை அறிவிப்பதுண்டு. இக்காரணத்தை அறியாதவர், எண்ணிப் பாராமலே வழக்கமான ஓர் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவிடுவர். தக்க தருணத்தில் கிடைக்கவேண்டிய சிகிச்சை தவறிப்போகும்.

எனவே ஆசிரியர்கள் செய்முறையையும் அதன் காரணத்தையும் ஒருங்கே கற்பித்தல் வேண்டும். முழுமையாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணச் செய்து, எண்ணிக்கை மாறுபடின் அதன் பொருள் யாதென வினவுதல் நற்றொடக்கமாகும்.