இடுப்புப் பெட்டிக்கும் கதவு எண்

1968. சான் பிரான்சிஸ்கோவின் ராக் கச்சேரிகளில் ஸ்பீக்கர்கள் அலறும்போது, ஒலிக்காரர் விளக்குக்காரரிடம் எதையும் சொல்ல முடியாது. காதருகே போய்க் கத்தினாலும் பயனில்லை. பாப் கோஹன், சார்லி பட்டன் என்ற இருவர் இதற்கு வழி தேடி, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு சிறு பெட்டியையும் ஹெட்செட்டையும் இணைத்தார்கள். கிளியர்-காம் நிறுவனம் பிறந்தது அப்படித்தான்.

அந்தப் பெட்டிக்குப் போன கேபிளில் மூன்றே இணைப்புகள். ஒன்று தரை, இன்னொன்றில் 30 வோல்ட் மின்சாரம், மூன்றாவதில் குரல். எல்லாப் பெட்டிகளும் அந்த ஒரே குரல் கம்பியில்தான் தொங்கும். ஒருவர் பேசினால் அத்தனை பேருக்கும் கேட்கும். கூட்டுக் குடும்பத்தின் நடுக்கூடம் போல. அங்கே யாருக்கும் முகவரி தேவைப்படவில்லை.

இன்றைய இன்டர்காம் பெட்டிகள் பலவற்றில் அந்த இடத்தில் கணினி வலைக்கம்பி செருகப்படுகிறது. குரல் நொடிக்கு 48,000 முறை அளக்கப்பட்டு, எண்களாகிப் பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. வலைவழி ஒலிக்கென 2013-இல் வந்த ஏஇஎஸ்67 தரத்தின் வழக்கமான அளவுப்படி, ஒரு பொட்டலத்தில் 48 அளவுகள். அதாவது ஒரு மில்லிநொடிப் பேச்சு. நொடிக்கு ஆயிரம் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் அனுப்புநர், பெறுநர் முகவரிகள். முகவரி இல்லாத பெட்டி ஊமை.

அந்த முகவரிதான் ஐபி எண்: 192.168.1.20 போல, புள்ளிகளால் பிரித்த நான்கு எண்கள். முன்பகுதி தெரு, பின்பகுதி கதவு எண் என்று வைத்துக்கொள்ளலாம். எதுவரை தெரு என்பதைச் சொல்ல ‘சப்நெட் மாஸ்க்’ என்று இன்னொரு எண் உண்டு. 192.168 என்று தொடங்குபவை உள்வீட்டு உபயோகத்துக்கென ஒதுக்கப்பட்டவை. உங்கள் வீட்டு ரௌட்டரிலும் அநேகமாக இதே வரிசைதான் ஓடும்.

எண்ணை யார் கொடுப்பது? கையால் எழுதலாம். நான்கு பெட்டிகளுக்குச் சரி. நாற்பது பெட்டிகள் வந்தால், நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு யாரோ ஒருவர் 20 என்ற எண்ணை இரண்டு பெட்டிகளுக்கு எழுதிவிடுவார். அப்போது கோளாறு உடனே தெரியாது. “192.168.1.20 யாருடையது?” என்று வலையில் கேள்வி போகும்போது இரண்டுமே “என்னுடையது” என்று கைதூக்கும்; கடைசியாகக் கேட்ட பதிலே பெரும்பாலும் நிலைக்கும். குரல் ஒரு முறை இந்தப் பெட்டிக்குப் போகும், அடுத்த முறை அந்தப் பெட்டிக்கு. கேபிளைத்தான் எல்லோரும் சந்தேகிப்பார்கள்.

ஆகவே எண் வழங்கும் வேலையை ரௌட்டரிடம் விட்டார்கள். 1993-இல் எழுதப்பட்ட டிஎச்சிபி நெறிமுறை இது. பெட்டி விழித்ததும் “எண் தருவார் யாரும் உண்டா?” என்று பொதுவாகக் கூவும். “இதைத் தரட்டுமா?” என்று ரௌட்டர் கேட்கும். “அதையே கொடுங்கள்.” “எடுத்துக்கொள்.” நான்கே வசனம். ஆனால் எண் சொந்தமில்லை, குத்தகைதான். வழக்கமாகப் பாதிக் காலம் கழிந்ததும் பெட்டி புதுப்பிக்கக் கேட்கும்.

கூவியும் பதில் வராவிட்டால்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஸ்டூவர்ட் செஷயர் உள்ளிட்ட மூவர் 2005-இல் வகுத்த விதிப்படி, பெட்டி தானே ஓர் எண்ணைப் பொறுக்கிக்கொள்ளும். 169.254 என்று தொடங்கும் தெருவில் 65,024 கதவுகள் அதற்குத் திறந்திருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொடும். ஆனால் உடனே குடியேறாது. “இங்கே யாராவது இருக்கிறீர்களா?” என்று மூன்று முறை கேட்கும். ஆள் இருந்தால் வேறு கதவு. பதிலே இல்லையென்றால்தான் உள்ளே போகும். பெட்டியில் பிறப்பிலேயே பதிந்த வன்பொருள் எண்ணை வைத்தே குலுக்கல் நடப்பதால், அடுத்த நாளும் பெரும்பாலும் அதே கதவுக்கே திரும்பும். மேற்பார்வையாளர் இல்லாமலே இவ்வளவு ஒழுங்கு.

இந்த நாகரிகமே மின்வெட்டில் வம்பாகிறது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் இடுப்புப் பெட்டிகள் சில நொடிகளில் விழித்துவிடுகின்றன. ரௌட்டரோ சோம்பல் முறித்து எழ ஓரிரு நிமிடம் ஆகும். காத்திருந்து சலித்த பெட்டிகள் 169.254 தெருவுக்குப் போய்விடும். மெதுவாக விழித்தவை 192.168 தெருவில். வலைக்கம்பிகளை இணைக்கும் ஒரே ஸ்விட்ச்சில் செருகியிருந்தாலும், அந்தத் தெருக்காரருக்கு இந்தத் தெருக்காரர் இருப்பதே தெரியாது. விளக்கு எரிகிறது, கம்பி சரி, குரல் மட்டும் இல்லை.

ரௌட்டர் எழுந்ததைப் பார்த்துத் தானாக எண்ணை மாற்றிக்கொள்ளும் கருவிகளும் உண்டு. அப்படி மாறினால் பழைய எண்ணை நம்பியிருந்தவர் கதி? ‘பழைய எண் 14, புதிய எண் 27’ என்ற சென்னைக் கதவுகளின் முன் நின்று விழித்த தபால்காரரின் கதிதான். ஆஸ்திரேலியாவின் ஆடினேட் நிறுவனம் வலைவழி ஒலிக்கென உருவாக்கிய டான்டே முறை இதைப் பெயரால் தாண்டுகிறது. ‘இடதுவிங்’ என்று பெட்டிக்குப் பெயர் வைத்து, இணைப்பை அந்தப் பெயரோடு செய்கிறார்கள். எண் மாறினாலும் பெயரைக் கூவித் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

இருந்தும் நிகழ்ச்சி நடத்துபவர்கள் முழுதாக நம்புவதில்லை. அதுவே சரி என்பேன். ஒவ்வொரு பெட்டியின் வன்பொருள் எண்ணையும் ரௌட்டரில் பதிந்து, எப்போது கேட்டாலும் அதற்கு அதே ஐபி எண் கிடைக்கும்படி செய்கிறார்கள். பெட்டியின் முதுகில் வெள்ளை டேப் ஒட்டி, பெயரையும் கடைசி எண்ணையும் மார்க்கரால் எழுதுகிறார்கள். ஸ்விட்ச்சும் ரௌட்டரும் யுபிஎஸ்ஸுக்குப் போகின்றன. ஜெனரேட்டர் பிடிக்கும்வரை அவை இரண்டும் தூங்காது.